மைதானத்தில் உனக்குக் கிடைத்த பெயர்

இளங்கோ,

நீ ஓசூர் போய்ச் சேர்ந்ததும் அனுப்பிய மெசேஜ் வந்தது. ரூம் நன்றாக இருக்கிறது, சாப்பாடு பரவாயில்லை, திங்கள்கிழமை கம்பெனியில் சேருகிறோம் என்று எழுதியிருந்தாய். நானும் சரி என்று பதில் போட்டேன். அதற்கு மேல் அந்தச் சின்ன பட்டன்களில் என் விரல் ஓடவில்லை. மற்ற அப்பாக்கள் பிள்ளை வெளியூர் போனால் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நடந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறார்கள். நமக்கு அது இல்லை. நேரில் இருந்தபோதும் நீளமாக ஒரு விஷயத்தை உன்னிடம் நான் சொன்னது கிடையாது. என் கை அவ்வளவு தூரம் போகாது. அதனால்தான் இன்றைக்கு வாராந்திர லீவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமான வாக்கியங்கள் உனக்குச் சலிப்பு என்று தெரியும். மெதுவாகப் படி. புரியாத வார்த்தை வந்தால் உன்னோடு இருக்கும் பிள்ளைகளிடம் கேள். அவர்களும் படித்தால் எனக்கொன்றும் கூச்சம் இல்லை. இதில் அவர்களும்தான் வருகிறார்கள்.

உன் சின்ன வயதில் நம் வீடு எப்படி இருந்தது என்று உனக்குப் பாதிதான் நினைவிருக்கும். உனக்கு இரண்டு வயது நடக்கும்போது அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை பயந்து அழுதது. நீ தரையில் உட்கார்ந்து ஒரு மூடியை உருட்டிக்கொண்டே இருந்தாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் காட்டி, காதுக்கு மெஷின் வாங்கி மாட்டி, நீ அதைப் பிடுங்கிப் போட்டு, அதெல்லாம் ஆன பிறகு அவளே கையால் பேச ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளாகக் கண்டுபிடித்தது. மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் அம்மா. இடுப்புப் பக்கம் பையைத் தட்டினால், கண்டக்டர் ஆயிற்றே, அப்பா. கையை மேலே தூக்கினால் கிளம்பு. பஸ்ஸில் நான் டிரைவருக்குக் காட்டுவதைப் பார்த்து நீயே எடுத்துக்கொண்டது அது. பால்காரருக்கு, பூனைக்கு, மழைக்கு, காய்ச்சலுக்கு எல்லாம் ஒவ்வொன்று இருந்தது. உனக்கு மட்டும் இல்லை. இளங்கோ என்று அம்மா ஆசையாக வைத்த பெயரை நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கையால் கூப்பிடவும் ஒன்று தோன்றவில்லை. வீட்டில் இருப்பது மூன்று பேர், உன்னைத் தோளில் தொட்டால் போதும் என்று இருந்துவிட்டோம்.

அம்மா மஞ்சள் காமாலையில் போனபோது உனக்குப் பத்து வயது முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பேச்சைப் பேச நாம் இரண்டு பேர்தான். காலையில் உனக்குச் சோறு கட்டிக் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் விட்டு, நான் சிதம்பரம் கடலூர் டூட்டிக்குப் போவேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்து போர்டில் இருப்பதை அச்சு மாதிரி எழுதுவாய். என்ன எழுதினாய் என்று உனக்கும் தெரியாது. சாயங்காலம் மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா வீட்டு டி.வி.க்கு முன்னால் இருப்பாய். நான் வந்ததும் ஓடி வந்து ஒரு நாள் பூராவும் சேர்த்து வைத்ததைக் கையால் கொட்டுவாய். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. இந்த உலகத்தில் என் பிள்ளை பேசுவது எனக்கு மட்டும்தான் புரியும் என்று பஸ்ஸில் நிறைய பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், நீ ஏழாவது படிக்கும்போது, உன்னைப் போன்ற பிள்ளைகளைப் பார்ப்பதற்காகப் பள்ளிகளுக்கு வந்துபோகும் தமிழ்ச்செல்வி டீச்சர் வீட்டுக்கு வந்தார்கள். கடலூர் ஸ்டேடியத்தில் விளையாட்டு விழா நடக்கிறது, பையன் நன்றாக ஓடுகிறான், பெயர் கொடுத்துவிட்டேன் என்றார்கள். நான் லீவு கிடைக்காது என்று இழுத்தேன். "ஒரு நாளுங்க. அவனும் நாலு பேரப் பாக்கட்டும்" என்றார்கள். மறுக்க முடியவில்லை.

மழைக்காலம். முந்தின வாரம் ஊரெல்லாம் வெள்ளம் வந்து அப்போதுதான் வடிந்திருந்தது. நம் பஸ்ஸிலேயே ஏறினோம். டிரைவர் மணி அண்ணன், "இன்னாப்பா, லீவு போட்டுட்டும் இதே வண்டியா, உனக்கு வேற வண்டியே தெரியாதா" என்று சிரித்தார். உன்னை இன்ஜின் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்தார். வழியெல்லாம் வயலில் நின்ற தண்ணீரைக் காட்டிக் கேட்டுக்கொண்டே வந்தாய். இது கடலா, இது கடலா என்று.

ஸ்டேடியத்தில் அவ்வளவு பேரை நான் எதிர்பார்க்கவில்லை. வாசலில் 'ஊனமுற்றோர் விளையாட்டு விழா' என்று பேனர். அப்போது அந்த வார்த்தைதான். மூன்று சக்கர வண்டிகள் வரிசையாக நின்றன. பார்வை இல்லாத பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ரயில் மாதிரி போனார்கள். ஒற்றைக் காலில் ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் குண்டு எறியப் பழகிக்கொண்டிருந்தார். தரை இன்னும் சொதசொதவென்று இருந்ததால் ஓடும் பாதையில் மணலைக் கொட்டி, கோடு புதிதாகப் போட்டிருந்தார்கள். நீ என் கையை விடவில்லை. எனக்கு விரல் வலித்தது. நானும் விடச் சொல்லவில்லை.

அப்போதுதான் மஞ்சள் பனியன் போட்ட பிள்ளைகள் வேனில் இருந்து இறங்கினார்கள். செம்மண்டலம் தாண்டி இருக்கும் ஆஸ்டல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எல்லாருக்கும் காது கேட்காது. இறங்கும்போதே பேச்சு. கைகள் பறந்தன. ஒருவன் இந்தப் பக்கம் இருந்து மைதானத்தின் அந்தப் பக்கம் இருப்பவனிடம் ஏதோ சொல்ல, அவன் அங்கிருந்தே பதில் சொல்லி, நடுவில் ஒரு பெண் இரண்டு பேரையும் திட்டினாள். வாய் திறக்காமல் ஒரு சந்தை இரைச்சல். நீ உறைந்துபோய் நின்றாய். அந்தப் பெண்தான் முதலில் உன்னிடம் வந்தாள். ரெட்டை ஜடை, உன்னைவிட ஒரு தலை உயரம். ஏதோ கேட்டாள். உனக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாய். எனக்கும் புரியவில்லை. உன் கை பேசியதை ஊருக்கெல்லாம் மொழிபெயர்த்துச் சொன்னவன், அங்கே கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். அவள் சிரிக்கவில்லை. மறுபடி மெதுவாகக் காட்டினாள். நீ அதை அப்படியே திருப்பிக் காட்டினாய். அவள் தலையாட்டினாள். என் விரலை எப்போது விட்டாய் என்று எனக்குத் தெரியாது.

உன் ஓட்டம் வந்தபோது நீ அவர்கள் நடுவில் இருந்தாய். காது கேட்காத பிள்ளைகளுக்குத் துப்பாக்கி வெடித்துப் பயனில்லை. சிவப்புக் கொடியை இறக்குவார்கள். நன்றாகப் பார்க்கலாம் என்று நான் ஓட்டம் முடியும் இடத்தில் உனக்கு நேர் எதிரே போய் நின்றேன். எல்லாரும் குனிந்து நின்றார்கள். பிறகு நடந்தது உனக்கும் தெரியும். தோளில் பை இல்லாத நாளிலும் பை வாரை மேலே ஏற்றிவிடும் பழக்கம் எனக்கு உண்டு. என் கை தன்னால் மேலே போயிற்று. நீ கொடியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். கை தூக்கினால் கிளம்பு. கிளம்பிவிட்டாய். பாதி தூரம் தனியாக ஓடி வந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்து நின்றாய்.

பி.டி. மாஸ்டர் கோபப்படவில்லை. என்னிடம் வந்து, "சார், கொஞ்சம் தள்ளிப் போயிடுங்க. புள்ளைங்க எந்தக் கைய பாக்குதுன்னு நமக்குத் தெரியாது" என்றார். நான் நகர்வதற்குள் நீயே சொல்லிவிட்டாய். கோட்டில் நின்றபடி என்னைக் காட்டினாய், பிறகு வாசல் கேட்டைக் காட்டினாய். மஞ்சள் பனியன்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தன. என் பிள்ளை என்னைப் 'போ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

போனேன். கேட்டுக்கு வெளியே, காம்பவுண்ட் சுவரை ஒட்டி ஒரு டீக்கடை. மரப்பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஒரு டிபன் பாக்ஸ். என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்கள்.

"உங்களயும் வெளிய அனுப்பிட்டாங்களா?"

"எம்பையன்தான் அனுப்புனான்."

"எம்பொண்ணும் அப்பிடித்தான். ரெட்ட ஜட போட்டுக்கினு, மஞ்ச பனியன். பாத்தீங்களா? கலா. நான் கிட்ட போனா அவுங்க கூட்டாளிங்க முன்னாடி வெக்கமா இருக்காம்."

அஞ்சலை என்று பெயர் சொன்னார்கள். கடலோரக் கிராமம், வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். பெண்ணை ஆறு வயதில் ஆஸ்டலில் விட்டார்களாம். விழா நாளில் வெளியே விடுவார்கள் என்று மீன் வறுத்து எடுத்து வந்திருந்தார்கள்.

"ஆறு வயசுலயா? எப்பிடிங்க மனசு வந்துச்சு?" என்று கேட்டேன். கேட்ட தொனி நல்லதாக இருந்திருக்காது.

அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வரலண்ணா. ஒரு மாசம் ஒலையில அரிசி போடுறப்பல்லாம் அழுதேன். லீவுக்கு வந்தா இப்ப ரெண்டாம் நாளே எப்ப ஸ்கூல் தொறக்கும்னு கேக்குறா. எங்க ஊட்ல அவகூட பேச யாருக்குத் தெரியும், சொல்லுங்க." பிறகு என்னிடம் திரும்பி, "உங்க பையன் ஊட்ல யார்கூட பேசுவான்?" என்றார்கள்.

"எங்கூட."

"நீங்க வேலைக்குப் போனப்பறம்?"

டீ டம்ளரைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் உள்ளே மைக்கில் உன் பெயரைப் படித்தார்கள். பிறகு ஓட்டம் தொடங்கியதா இல்லையா என்றே தெரியவில்லை. சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே கைகள் தெரிந்தன. நிறைய கைகள், விரல்களை விரித்து, காற்றில் இலை ஆடுவது போல ஆடின.

"என்னங்க அது?"

"கைத்தட்டுண்ணா. தட்டுனா அதுங்களுக்குக் கேக்காதுல்ல. யாரோ ஜெயிச்சிட்டாங்க" என்றார்கள்.

ஜெயித்தது நீ இல்லை, மூன்றாவதாக வந்தாய். சின்ன மெடல் ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடி வந்து, என்னை மைதானத்துக்குள் இழுத்துப் போய், அந்த ஓட்டத்தை முதலில் இருந்து எனக்கு ஓடிக் காட்டினாய். எவன் எங்கே வழுக்கினான், நீ எங்கே முந்தினாய் எல்லாம். அன்றைக்கு நான் பார்த்த ஓட்டம் அதுதான்.

சாயங்காலம் உன்னைக் காணவில்லை. விழாவுக்கு வந்திருந்த தமிழ்ச்செல்வி டீச்சரும் நானும் தேடினோம். மஞ்சள் பனியன்களின் வேனில், கடைசி சீட்டில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாய். அந்தப் பள்ளி வாத்தியார் சங்கடமாகச் சிரித்தார். "எறங்க மாட்றான் சார்." நான் ஏறி உன் எதிரே நின்று, கிளம்பு என்று கையைத் தூக்கினேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

காது கேட்கிற பிள்ளையாக இருந்தால் திட்டியிருக்கலாம், கெஞ்சியிருக்கலாம். மூடின கண்ணுக்குள் எந்த வழியாகப் போவது? தோளைத் தொட்டேன், தட்டிவிட்டாய். உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேன் முழுக்கப் பிள்ளைகள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்றும் இருந்தது, உன்னை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் இறங்கிவிடலாம் என்றும் இருந்தது. கடைசியில் நீ ஒரு கண்ணைத் திறந்து பார்த்தபோது கலா உன் முன்னால் இருந்தாள். ஏதோ சொன்னாள். நீ எழுந்து இறங்கினாய். 'ஜூன் மாசம் சேர வா, உனக்கு என் பக்கத்து பெஞ்சில் இடம் பிடிக்கிறேன்' என்று அவள் சொன்னதாக ரொம்ப வருஷம் கழித்துத்தான் நீ எனக்குச் சொன்னாய்.

திரும்பி வரும் பஸ்ஸில் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. ஆலப்பாக்கம் தாண்டிய பிறகு என் கையைச் சுரண்டினாய். இடது புருவத்தில் இருக்கும் தழும்பை, சின்னதில் கட்டில் காலில் இடித்துக்கொண்டது, ஒரு விரலால் கோடு போல இழுத்தாய். பிறகு உன் நெஞ்சைக் காட்டினாய். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டி மறுபடி அதையே செய்தாய். மஞ்சள் பனியன் என்றாய், எல்லாரும் என்றாய், புருவத்தில் கோடு இழுத்தாய், நெஞ்சைத் தொட்டாய். எனக்குப் புரிந்தபோது பஸ் பரங்கிப்பேட்டை ரோடு திரும்பும் இடத்தில் நின்றிருந்தது. அவர்கள் உனக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஒரே நாளில். நானும் என் புருவத்தில் கோடு இழுத்து உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன். நீ 'என்ன' என்று நிமிர்ந்தாய்.

அடுத்த ஜூனில் உன்னை அங்கே சேர்த்தேன். நீ திரும்பிப் பார்த்துக் கை ஆட்டினாய். கிட்டவே வரவிடாத பெண்ணிடம் அஞ்சலை அம்மாவுக்குக் கிடைத்ததைவிட அது எனக்கு அதிகம். அதற்குப் பிறகும் தினம் அதே ரோட்டில்தான் எனக்கு டூட்டி. செம்மண்டலத்தில் ஆள் இறங்கும்போதெல்லாம் அந்தத் தெருவைப் பார்ப்பேன், தெரிவது ஒரு பெட்டிக்கடையும் ஒரு வேப்பமரமும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தேன். உன் வாத்தியார் எனக்கும் உங்கள் கைப்பேச்சைக் கொஞ்சம் கற்றுக் கொடுத்தார். டிக்கெட் கிழித்துக் கிழித்துப் பழகின விரல், கையால் காட்டும் எழுத்துகளில் பாதிக்கு வளையவே இல்லை. லீவில் நீ வீட்டுக்கு வரும்போது உன் கை வேறு வேகத்தில் ஓடியது. நான் முழிப்பதைப் பார்த்து நிறுத்தி, கோயிலுக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம் நம் ஊர் ஆட்டோக்காரர்கள் பேசுவது போல ஒவ்வொரு வார்த்தையாக எனக்குக் காட்டுவாய். பொறுமையாகத்தான் காட்டினாய். ஆனாலும் உன் பிள்ளைப் பருவத்தில் பாதியை நான் அப்படித்தான், மெதுவாகவும் குறைவாகவும், கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாம் மூவரும் பேசின பழைய வீட்டுப் பேச்சு உனக்கு மறந்துகொண்டே வந்தது. எனக்கு மறக்கவில்லை, ஆனால் அதை யாரிடம் பேச? அம்மா படத்துக்கு முன்னால் ஒரு தடவை கை அசைத்துவிட்டு, வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் நீ வருத்தப்படுவதற்காக எழுதவில்லை. போன மாதம் உன் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்திருந்தார்களே, எல்லாருக்கும் தோசை ஊற்றிக்கொண்டு அடுப்பங்கரையில் நின்றேன். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை, ஆனால் எட்டிப் பார்த்தால் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். சாயங்காலம் கரண்ட் போனது. எங்களுக்குக் கரண்ட் போனால் பேச்சு ஆரம்பிக்கும், உங்களுக்கு நின்றுவிடும். இருட்டில் ஒருவரும் அசையவில்லை. நான் எமர்ஜென்சி லைட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து நடுவில் வைத்ததும், விட்ட இடத்தில் இருந்து எல்லாரும் தொடங்கினீர்கள். அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. பக்கத்தில் உட்காரத்தான் இடம் இருந்ததா என்று தெரியவில்லை. நின்றுகொண்டே பார்த்தேன்.

இனி நீ இருக்கப் போகும் இடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொல்கிறேன். கம்பெனியில் முதுகுக்குப் பின்னால் நின்று கத்துவார்கள். முதல் நாளே முன்னால் வந்து பேசச் சொல்லிவிடு, கூச்சப்படாதே. மெஷின் பக்கத்தில் வேலை செய்யும்போது பேச்சு வேண்டாம், உன் கைதான் உன் வாய், அதைப் பத்திரமாக வைத்துக்கொள். உனக்காக நான் பேசுகிறேன் என்று யாராவது அன்பாக வருவார்கள். நல்லவர்களாகவே இருப்பார்கள். நானும் பஸ்ஸில் அப்படித்தான் பெருமை பேசினேன். அவர்களிடம் நன்றி சொல்லிவிட்டு நீயே எழுதிக் காட்டு. கல்யாணம் என்று வரும்போது, காது கேட்கிற பெண்ணாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. வீட்டில் ஒரு குரல் இருக்குமே, என்னோடு நாலு வார்த்தை பேசுமே என்று. அது எனக்காகப் பட்ட ஆசை. விட்டுவிட்டேன். உன் வேகத்துக்குக் கை ஓடுகிற பெண்ணாகப் பார்த்துக்கொள். சீர்காழிக்கு வேலைக்குப் போகும் கலா, முந்தாநாள் நம் பஸ்ஸில் ஏறி உன் அட்ரஸ் கேட்டாள் என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். கொடுத்தேன்.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். டூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது, நான் வந்தது உனக்குத் தெரியட்டும் என்று வாசற்படி தாண்டியதும் காலைத் தரையில் ஓங்கி வைப்பேன் அல்லவா, அந்த அதிர்வில் நீ திரும்புவாய். நேற்றும் ஓங்கி வைத்திருக்கிறேன், வைத்த பிறகுதான் தெரிந்தது. மாடியில் இருந்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "என்னாங்க சத்தம்?" என்றார்கள்.

"ஒண்ணுமில்லீங்க, கால்ல எறும்பு" என்றேன்.

அப்பா